சைக்கிள் தரமாட்டேன் என்ற சைக்கிள் கடை

காசை எண்ணிக் கொடுத்தாயிற்று. 42,500 ரூபாய். கடைக்காரர் அதை மேசை லாச்சியில் போட்டுப் பூட்டினார். மறுகா சைக்கிளையும் உள்ளே உருட்டிக்கொண்டுபோய்ச் சங்கிலி போட்டுப் பூட்டினார்.

"புள்ளைக்கு இன்னும் பின்னுக்குப் பாக்கத் தெரியல்ல தங்கச்சி. வாற சனிக்கிழமை கூட்டிக்கொண்டு வாங்க, அண்டைக்குத் தாறன்."

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை நினைத்தால், பத்து மாதம் கழித்து அதே கடையைப் பற்றி இருந்து எழுதுவது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது. கடைப் பெயரைப் போடவில்லை. எழுதப்போகிறேன் என்று சொன்னபோது அவர் கேட்டது அது ஒன்றுதான்: "பேரப் போட்டா ஏறாவூர்ல இருந்தும் வருவாங்க. எனக்குச் சனி ஒரு நாள்தான் இருக்கு." மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம், பிரதான வீதியில் இல்லை, கடற்கரைக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில், மண் அள்ளும் டிப்பர் ஒன்று நிற்கும் வளவுக்குப் பக்கத்தில். அவ்வளவு போதும். சைக்கிள் ஓட்டுகிறவர் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள்.

எங்கள் வீடு நாவற்குடாவில், கடல் பக்கம். மகள் ஆறாம் வகுப்புக்கு டவுணில் உள்ள பாடசாலைக்குப் போக வேண்டி வந்தது. ஏறக்குறைய நாலு கிலோமீற்றர். அவளுடைய அப்பா கட்டாரில். வேன்காரர் சொன்ன மாதக் காசைக் கணக்குப் பார்த்தேன் (என் தொழிலே அலுவலகத்தில் கணக்கு எழுதுவதுதான்), சைக்கிள்தான் என்று முடிவெடுத்தேன். எனக்கும் சைக்கிள் இருக்கிறது. 2022 இல் பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற நேரம், வேறொரு கடையில் வாங்கியது. விலை ஒன்றுக்கு மூன்றாக இருந்தது. வாங்கிய மறுநாள் சந்தியில் திரும்பும்போது ஹாண்டில் மட்டும் திரும்பியது, சக்கரம் திரும்பவில்லை. நட்டை யாரும் இறுக்கவில்லை. முழங்காலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. ஆகவே இந்தத் தடவை கடையை விசாரித்துத்தான் போனேன்.

போனதும் முதல் சண்டை அளவில் வந்தது. நான் கேட்டது 26 அங்குலம். வளர்கிற பிள்ளை, இரண்டு வருடத்தில் இன்னொன்று வாங்க முடியுமா? நாங்கள் எல்லாரும் அப்படித்தான் வளர்ந்தோம். அப்பாவின் சைக்கிளில் பாருக்குக் கீழே காலை விட்டு, குரங்குப் பெடல் போட்டு. அவர் மகளை 26 இல் ஏற்றினார். ஆசனத்தில் இருந்தால் நிலத்தில் கால் எட்டவில்லை. ஒரு பக்கம் சரிந்து பெருவிரலை ஊன்றினாள். "இப்ப லொறி ஒண்டு ஹோர்ன் அடிக்குது, நிப்பாட்டுங்க மகள்" என்றார். நிறுத்தப் போனவள் என் மேலே சாய்ந்தாள். பேசாமல் 24 ஐ எடுத்துக்கொண்டேன். ஆசனத்தில் இருக்கும்போது இரண்டு காலின் முன்பாதமும் நிலத்தில் படவேண்டும் என்பது அவருடைய சட்டம். வளர வளர ஆசனக் குழாயை உயர்த்தித் தருவாராம், காசில்லை. இதுவரை ஒரு தடவை உயர்த்தியிருக்கிறார்.

அப்புறம் பரீட்சை.

கடைக்கு முன்னால் ஒழுங்கையில் சுண்ணாம்புக் கட்டியால் நீளமாக ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டை விடாமல் ஓட்டவேண்டும். அது மகளுக்குப் பெரிய விசயமில்லை. அடுத்தது, ஓட்டிக்கொண்டே வலது தோளுக்கு மேலாகப் பின்னால் திரும்பிப் பார்க்கவேண்டும். அவர் பின்னால் நின்று கையைத் தூக்கி விரல்களைக் காட்டுவார். எத்தனை விரல் என்று சொல்லவேண்டும், கோட்டையும் விடக்கூடாது. நீங்களும் ஒரு தடவை செய்து பாருங்கள். தலை எந்தப் பக்கம் திரும்புகிறதோ ஹாண்டிலும் அந்தப் பக்கமே இழுபடும். அதாவது, பின்னால் வாகனம் வருகிறதா என்று பார்க்கிற அந்த நொடியிலேயே அந்த வாகனத்துக்கு முன்னால் போய் விழுகிறோம். மகள் முதல் நாள் பதினைந்து தடவைக்கு மேல் முயன்றிருப்பாள். விரல் சரியாக இருந்தால் கோடு பிழை, கோடு சரியாக இருந்தால் விரல் பிழை. கடைசியில் அழுதுவிட்டாள். அதற்குப் பிறகுதான் நான் மேலே சொன்ன பூட்டு.

ஒரு கிழமை முழுக்க என்னுடைய சைக்கிளில், எங்கள் வளவில், மாமரத்துக்கும் கிணற்றுக்கும் இடையே பழகினாள். தம்பிக்காரன் பின்னால் நின்று விரல் காட்டினான். அவனுக்கு ஆறு வயது, எட்டு விரல் காட்டிவிட்டு ஒன்பது என்று அடம்பிடிப்பான்.

இரண்டாவது சனி, விரல் சரி, கோடும் சரி. அடுத்து ஒற்றைக் கை. வலப்பக்கம் திரும்பவேண்டும் என்றால் வலக்கையை நீட்டவேண்டும். அப்போது பிரேக் பிடிக்க இருப்பது இடக்கை மட்டும். அதனால் இடக்கை பிரேக் பின்சக்கரத்துக்கும் வலக்கை பிரேக் முன்சக்கரத்துக்கும் இருக்கவேண்டும் என்று அவர் பிடியைக் கழற்றிக் காட்டினார். ஒற்றைக் கையால் முன்பிரேக்கை மட்டும் அமத்தினால் ஆள் ஹாண்டிலுக்கு மேலாகப் போய்விடும். இருபத்தைந்து வருடமாக நான் சைக்கிள் ஓடுகிறேன், எந்தப் பிரேக் எந்தச் சக்கரத்துக்கு என்று ஒருநாளும் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தேன். என்னுடையது மாறியிருந்தது. அடுத்த நாளே கொண்டுபோய் மாற்றினேன், 300 ரூபாய்.

இனி டிப்பர். இந்தக் கடைக்குப் போகச் சொல்லி நான் ஆட்களுக்குச் சொல்வது இந்த ஒன்றுக்காகத்தான். அவர் கடை போட முன்பு பல வருடம் லொறி ஓட்டியவர். ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். "ஓட்டினது காணும்" என்றார், மேலே பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பக்கத்து வளவு டிப்பர்காரர் அவருக்குத் தெரிந்தவர். சனிக்கிழமைகளில் வண்டி நிற்கும்போது பிள்ளைகளைத் தூக்கிச் சாரதி ஆசனத்தில் இருத்துவார். நம் நாட்டில் சாரதி இருப்பது வலப்பக்கம். சைக்கிள்காரர் போவது இடப்பக்கம். என்னை என் சைக்கிளோடு டிப்பரின் இடப்பக்கம், முன்கதவுக்குக் கொஞ்சம் கீழே கொண்டுபோய் நிறுத்தினார். அந்த இடத்தில்தான் நான் தினமும் சந்தியில் நிற்பேன், நிழல் இருக்கும் என்று.

"மகள், கண்ணாடியையும் பாருங்க, யன்னலாலயும் பாருங்க. அம்மா எங்க நிக்கிறா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அம்மாவக் காணல்ல" என்றாள்.

மேலே இருந்து வந்த அந்தக் குரல் பத்து மாதமாக என் காதில் இருக்கிறது. நான் கதவைத் தட்டக்கூடிய தூரத்தில் நிற்கிறேன், என் பிள்ளைக்கு என்னைத் தெரியவில்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்: "கண்ணாடியில சாரதிட முகம் உங்களுக்குத் தெரியல்லண்டா, அவருக்கும் உங்களத் தெரியா." பிறகு கயிறு ஒன்றை நிலத்தில் வளைத்துப் போட்டு, லொறி இடப்பக்கம் திரும்பும்போது முன்சக்கரம் போகும் வழி வேறு, பின்சக்கரம் போகும் வழி வேறு என்று காட்டினார். பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். முன்சக்கரம் நம்மைத் தாண்டிவிட்டது, தப்பினோம் என்று நினைக்கிற இடத்தில்தான் பின்சக்கரம் வருகிறது. நிற்கிற லொறிக்குப் பின்னால் நிற்கலாம், பக்கத்தில் நிற்கக்கூடாது. இடப்பக்கச் சிக்னல் போட்ட லொறியை எந்தக் காரணத்துக்கும் இடப்பக்கத்தால் முந்தக்கூடாது. மகளை விட எனக்குத்தான் அன்றைக்குப் பாடம்.

சாமான்களைப் பற்றியும் சொல்லவேண்டுமே. முன்விளக்கை விடப் பின்பக்கத்துக்குக் காசு செலவழியுங்கள் என்பது அவர் கட்சி. தெருவிளக்கு இருக்கிற ரோட்டில் முன்விளக்கு நாம் பார்க்க அல்ல, மற்றவர் நம்மைப் பார்க்க. பின்னால் வருகிறவனைப் பார்க்கவோ நம்மிடம் கண் இல்லை. மட்காட்டில் சிவப்பு ரிஃப்ளெக்டர், பெடலின் இரண்டு பக்கமும் மஞ்சள் ரிஃப்ளெக்டர், மறுகா ஒளி தெறிக்கும் ஸ்ரிக்கர் நாடா, அடி 150 ரூபாய். நான் இரண்டு அடி வாங்கினேன். சைக்கிளுக்கு என்று நினைத்தேன். அவர் ஒரு அடியை வெட்டி மகளின் புத்தகப் பையில் தைக்கச் சொன்னார். யோசித்துப் பாருங்கள், பாடசாலை உடுப்பு வெள்ளைவெளேர் என்று இருக்கும், இருட்டிலும் ஓரளவு தெரியும். ஆனால் முதுகு முழுவதையும் மூடிக்கொண்டு ஒரு கறுப்புப் பை!

அன்று இரவே எங்கள் ஒழுங்கையில் சோதித்தேன். பக்கத்து வீட்டுத் தம்பியை மோட்டார் சைக்கிளில் விளக்கைத் தாழ்த்திப் போட்டுக்கொண்டு நிற்கச் சொல்லி, நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். மகள் எட்டி எட்டிப் போனாள். முப்பது காலடியில் பை தெரியவில்லை. நாற்பதில் ஆளே நிழல் மாதிரி. அறுபதுக்கு அப்பாலும் நாடா மட்டும் கோடு கோடாக மின்னியது. சைக்கிளில் ஏறி ஓட்டச் சொன்னதும் பெடல் ரிஃப்ளெக்டர் இரண்டும் மேலும் கீழுமாக ஏறி இறங்கின. அதைப் பார்த்தால் யாரும் சொல்லாமலே தெரிகிறது, அங்கே போவது சைக்கிள் என்று. மதிலில் மின்னும் தகரமோ ரோட்டோரக் கட்டையோ அப்படி அசையாது.

பின்னால் பூட்ட சார்ஜ் போடுகிற சிவப்பு லைட் ஒன்றும் 1,200 ரூபாய்க்குத் தந்தார். இது சரியில்லை. சார்ஜ் குத்துகிற துளைக்கு ஒரு றப்பர் மூடி, அது மூன்றாம் மாதமே தளர்ந்துவிட்டது. ஐப்பசி மழை தொடங்கி இரண்டாம் நாள் உள்ளே தண்ணீர். மறுபேச்சில்லாமல் வேறொன்று மாற்றித் தந்தார், அதுவும் அதே சாமான்தான், அதற்கும் அதே கதி. இப்போது பற்றரி போடுகிற பழைய மாதிரி ஒன்று ஓடுகிறது. மணியும் உதவாது. கடல் காற்றுக்கு மூன்று கிழமையில் துரு பிடித்து, "டிங்" என்று அடிக்க வேண்டியது "டுக்" என்கிறது. சங்கிலிக்குக் கிழமைக்கு ஒரு தடவை எண்ணெய் விடச் சொன்னவர் மணியைப் பற்றிச் சொல்லவில்லை.

ஹெல்மட் 4,500. புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி, வார் இரண்டும் காதடியில் சேரவேண்டும், நாடிக்குக் கீழே ஒரு விரல் போகவேண்டும். இரட்டைப் பின்னலுக்கு இடைஞ்சலாக இருக்குமோ என்று பயந்தேன், இல்லை. வியர்க்கும், உண்மை. விழுந்து அடிபட்டால் வெளியில் கீறல் தெரியாவிட்டாலும் திரும்பப் பாவிக்கக்கூடாது, உள்ளே இருக்கிற நுரை ஒரு தடவைதான் நசுங்கும் என்றார். வியாபாரத் தந்திரம் என்று நினைத்தேன். பிறகு அதன் உள்பக்கத்திலேயே அப்படி எழுதியிருப்பதைப் பார்த்தேன்.

எல்லாம் முடிந்து பில் போட்டார். பில் என்றால் பாதிச் சாமானுக்குத்தான், மீதி வாய்ச்சொல். அந்தப் பில்லைத் திருப்பி, பின்பக்கத்தில் எங்கள் வீட்டில் இருந்து பாடசாலைக்குப் பாதை வரையத் தொடங்கினார். நான் நினைத்திருந்த வழி வேறு: ஒழுங்கையால் ஏறி, பிரதான வீதியைக் கடந்து, இடப்பக்கமாக நேரே டவுணுக்கு. "காலையில அந்த இடத்தில எப்படிக் கடப்பா?" என்றார். காத்தான்குடியில் ரோட்டு நடுவே பேரீச்சை நட்ட தடுப்பு இருக்கிறது. பாதியைக் கடந்து, நின்று, மறுபாதியைக் கடக்கலாம். எங்கள் ஒழுங்கை வாயிலில் அப்படி எதுவும் இல்லை, ஒரே மூச்சில் ஓடவேண்டும். ஊருக்குள் கார், மோட்டார் சைக்கிளுக்கு மணிக்கு 50 கிலோமீற்றர்தான் எல்லை. வீட்டில் கணக்குப் போட்டேன். 50 இல் வருகிறவன் ஒரு செக்கனுக்கு 14 மீற்றர் வருகிறான். பிள்ளையைக் கண்டு காலைப் பிரேக்கில் வைக்கவே ஒரு செக்கன். காய்ந்த ரோட்டில் வண்டி நிற்கும்போது மொத்தம் 28 மீற்றர் அளவில் வந்திருப்பான். 30 இல் வந்தால் 13 மீற்றரில் நிற்பான். 50 க்கும் 30 க்கும் இடையில் எங்கள் வளவு முழுவதும் இருக்கிறது.

அவர் வரைந்த வழி, கடல் பக்கத்து உள் வீதிகளால் நாவற்குடா, நொச்சிமுனை, கல்லடி என்று பாலத்தடி மட்டும். பிரதான வீதியை ஒரே ஒரு தடவை, மஞ்சள் கடவையில், இறங்கி உருட்டிக்கொண்டு கடக்கவேண்டும். "இறங்கினா நீங்க நடக்கிற ஆள்" என்று எழுதி அடிக்கோடு போட்டார். அந்த இடத்தில் இன்னொரு பாடம்: ஒரு பஸ் மறித்து வழி விட்டால் பாதிதான் முடிந்தது. அந்த பஸ்ஸை முந்திக்கொண்டு வருகிற மோட்டார் சைக்கிள்தான் ஆளை அடிக்கும். பஸ்ஸின் மூக்கடியில் நின்று, எட்டிப் பார்த்து, மறுபக்கத்துச் சக்கரமும் நின்ற பிறகுதான் அடுத்த அடி.

பிறகு பாலம். 2013 இல் புதுப்பாலம் திறக்கும்வரை பஸ், லொறி, வண்டில், நாங்கள் எல்லாரும் 1928 இல் திறந்த அந்த ஒற்றைவழி இரும்புப் பாலத்தில்தான் போனோம். எதிர்ப்பக்கத்தை விட்டுவிட்டு நம் பக்கத்தை மறித்து வைத்திருப்பார்கள், பாடசாலைக்குப் பிந்தினால் பாலம்தான் சாட்டு. பில்லில் "பழசால போ" என்று எழுதி, அதற்குக் கீழே "மீன் பாட்டுக் கேக்க நிக்கப்படாது" என்றும் எழுதியிருந்தார். பாலத்தடியில் மீன் பாடும் என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. மகள் அதை வாசித்து வாசித்துச் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் அந்த வழியால் ஓடிப் பார்த்தோம். பிரதான வீதியை விட ஆறு நிமிடம் கூட. காலைக்கு அருமை. ஆனால் ரியூசன் முடிந்து வரும் வழிக்கும் அதையே போட்டிருந்தார். கார்த்திகையில் ஐந்தே முக்காலுக்கு முன்பே பொழுது பட்டுவிடும். அந்த உள் வீதியில் ஒரு துண்டு, இரண்டு பக்கமும் உயர்ந்த மதிலும் வெறும் வளவும். ஒரு கடை இல்லை, ஒரு வாசலில் ஆள் இல்லை. கடைக்கார அண்ணன் லொறியை மட்டும் நினைத்து வரைந்திருக்கிறார். பதினொரு வயதுப் பெண்பிள்ளையை அந்த நேரம் அந்த வழியால் எந்தத் தாய் அனுப்புவாள்? திரும்பப் போய்ச் சொன்னேன். தலையைச் சொறிந்தார். "அது எனக்குப் படல்ல தங்கச்சி" என்றார். வீட்டுக்கு வரும்போது கடல் பக்கமே இடப்பக்கம், கடக்கவே தேவையில்லை. கடையும் வெளிச்சமும் சனமும் உள்ள பிரதான வீதியாலேயே வரலாம், பின்விளக்கு ஒழுங்காக எரிந்தால். அதை வேறொரு பில்லில் வரைந்து தந்தார். இப்போது பெண்பிள்ளைகளுக்கு வரையும்போது மாலை வழியைத் தாயிடம் கேட்டுத்தான் வரைகிறாராம். அதற்கு விலையில் ஒரு கழிவு தந்திருக்கலாம். தரவில்லை.

நடக்கிற பிள்ளைகளையும் விடுவதில்லை. சின்னவனைப் பார்த்து, நடைபாதை இல்லாத ரோட்டில் வலப்பக்க ஓரமாக, வருகிற வாகனத்தைப் பார்த்தபடி நட என்றார். அன்று முதல் வீட்டில் சண்டை. அக்கா இடப்பக்கம், நான் வலப்பக்கம், யார் சரி என்று. இருவரும் சரி என்றால் சின்னவன் ஒத்துக்கொள்வதில்லை.

பெற்றோர் கூட்டத்துக்கு அந்த இரண்டு பில்லையும் கொண்டுபோனேன். நாலைந்து தாய்மார் போனில் படம் எடுத்தார்கள். கடவை கேட்டுக் கடிதம் எழுதலாம் என்ற பேச்சும் வந்தது. அதற்கும் கடைக்காரரிடமே கேட்டேன். பிரதான வீதிக்கு வீதி அபிவிருத்தி அதிகார சபை, உள் வீதிகளுக்கு மாநகர சபை, இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதாதீங்க என்றார். இரண்டு கடிதமாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

போகிறவர்களுக்கு: காசாகக் கொண்டுபோங்கள், கார்ட் எடுபடாது. ஆள் கொஞ்சம் வெடுக்கென்று பேசுவார், பிள்ளைகளிடம் இல்லை, தாய்தகப்பனிடம். அரைநாள் போய்விடும். பிள்ளைக்குச் செருப்புப் போட்டு அனுப்பினால் திருப்பி அனுப்புவார், சப்பாத்து வேண்டும். அவசரத்துக்கு ஒரு சைக்கிள் என்றால் வேறு கடை பாருங்கள். சனிக்கிழமை எட்டு மணிக்குத் திறக்கிறார், ஆனால் டிப்பர் முதல் லோட்டை இறக்கிவிட்டு வளவுக்கு வர ஒன்பதரை ஆகும். அதற்குப் பிறகு போங்கள்.